ஊன்றிய தாள்: மேனாட்டுப் பாலே ஆடலில் ஒற்றைக்கால் நிலையின் வரலாறு

தில்லைக் கூத்தப்பெருமான் திருமுன் நிற்கும் அன்பர்தம் கண்கள் முதற்கண் சென்று பற்றுவது எடுத்த திருவடியையே யாம். அவ்வடியைக் காணப்பெறின் இந்நிலவுலகிற் பிறத்தலும் விரும்பத்தக்கதே எனத் திருநாவுக்கரசு சுவாமிகள் அருளிச்செய்தமை சைவ நன்மக்கள் யாவரும் அறிந்ததொன்று. ஆயினும், எடுத்த அடிக்கு இடமளிப்பது ஊன்றிய அடி என்பதனைச் சித்தாந்த ஆசிரியர் மறந்திலர். மனவாசகங் கடந்தார் தமது உண்மை விளக்கத்தில் ஐந்தொழில்களையும் ஐயன் திருமேனியில் வகுத்துக் காட்டுமிடத்து, எடுத்த அடியை வீடுபேறு அருளும் தொழிலுக்கும், ஊன்றிய அடியை மறைத்தற் றொழிலுக்கும் உரியனவாக்கினார். மறைத்தல், தன் பெயருக்கேற்பக் காண்பார் கண்ணுக்கு எளிதிற் புலனாவதன்று. புலனாகாதே நின்று பயன் விளைப்பது.

இதனை மனங்கொண்டு, ஐரோப்பிய நாட்டாரது பாலே என்னும் ஆடலின் வரலாற்றை நோக்குவார்க்கு ஒரு வியப்புத் தோன்றும். ஒற்றைக் காலில் நிலைபெற நிற்றல் அவ்வாடலின் உயிர்நிலை. அரங்கின்முன் அமர்ந்தோர் எடுத்த காலின் உயரத்தையும் வளைவையும் கண்டு கைகொட்டுவர். அவ்வாடலை வளர்த்த ஆசிரியரோ, தலைமுறை தலைமுறையாகத் தம் கருத்தனைத்தையும் ஊன்றிய காலின்மேற் செலுத்தினர். அவர்க்கு இது சமயக் கொள்கையன்று; கணுக்காலும் இடுப்பும் நோவப் பயின்று கண்ட தொழிலறிவே. ஆதலின் இவ்விரண்டனையும் ஒன்றென முடிச்சிடுதல் மிகையாம். ஆயினும், ஊன்றிய தாளின் அருமையை அவர் சிறிது சிறிதாக உணர்ந்துவந்த வரலாறு சைவர்க்கு அயலானதன்று.

பாலே இத்தாலிய அரசவைகளில் தோன்றிப் பிரான்சு நாட்டில் வளர்ந்த கலை. பதினான்காம் லூயி மன்னர் 1653ஆம் ஆண்டில் தம் இளமைப் பருவத்தே, இரவின் பாலே என்னும் கூத்தில் ஞாயிற்றின் வேடம் பூண்டு ஆடினார். 1661இல் நடனத்திற்கென ஓர் அரசவைக் கழகம் நிறுவினார். அவர்தம் ஆடலாசிரியர் பியேர் போஷான் என்பார் வகுத்தனவென்று கூறப்படும் பாத நிலைகள் ஐந்தும், 1700இல் ஃபெயே என்பார் வெளியிட்ட ஆடற்குறி நூலில் அச்சேறின. இன்றளவும் உலகெங்கும் பாலே பயில்வோர் முதல் நாளிற் கற்பன அவ்வைந்தே. அவ்வைந்தும் இரு காலும் நிலத்தில் ஊன்றிய நிலைகள் என்பது கருதத்தக்கது. ஒற்றைக்கால் நிலைக்கு அப்பழைய வகுப்பில் தனியிடம் இல்லை. ஒரு நிலையினின்று மற்றொரு நிலைக்குச் செல்லும் வழியில் வந்து மறையும் கணநேர நிகழ்ச்சியாகவே அஃது இருந்தது.

அதற்குக் காரணமும் உண்டு. அரசவையில் ஆடினோர் உயர்ந்த குதியுடைய காலணியும், பொன்னிழை இழைத்த கனத்த உடையும், சிற்சில வேளை முகமூடியும் அணிந்து ஆடினர். குதி உயர்ந்த காலணியோடு ஒருகாலில் நெடிது நிற்றல் இயலாது. அரசர்க்கும் பெருமக்கட்கும் அது வேண்டுவதுமன்று. எனினும் அக்காலத்திலேயே பின்னைய வளர்ச்சிக்கு வித்தானதொரு வழக்கம் நிலைபெற்றது. அது தொடைகளை இடுப்புப் பொருத்தினின்றே வெளிப்புறமாகத் திருப்பி நிற்றல். வாட்பயிற்சியினின்று வந்தது அது என்பாரும், காலணியின் அணிகளை அவையோர்க்குக் காட்டுதற்கு எழுந்தது என்பாரும் உளர். தோற்றம் எதுவாயினும் பயன் பெரிது. தொடை நேராக நிற்குங்கால் பக்கவாட்டில் உயர்த்திய கால் சிறிது தொலைவிலேயே இடுப்பெலும்பில் முட்டித் தடைப்படும். வெளிப்புறந் திருப்பிய கால் தடையின்றி மேலெழும். ஊன்றிய காலும் அவ்வாறே திரும்பி நிற்றலின், எடுத்த கால் முன்னும் பக்கத்தும் பின்னுமாகச் சுற்றிவர, உடலின் நடு நிலை குலையாது நிற்கும்.

இத்திருப்பத்தைப் பாதத்தில் மட்டும் வலிந்து செய்து, தொடையைத் திருப்பாது விடுதல் தொடக்கநிலை மாணாக்கர் எல்லாரும் செய்யும் பிழை. அவ்வாறு செய்வோர்க்கு உள்ளங்காலின் வளைவு உட்புறம் சரிந்து, முழந்தாள் முறுகி, நிலை கெடும். முந்நூற்றாண்டுகளாக ஆசிரியர்கள் ஓயாது திருத்திவரும் பிழை இஃதொன்றே போலும்.

பதினெட்டாம் நூற்றாண்டில் ஆடல் அரசவையினின்று பொது அரங்கிற்கும், பெருமக்களிடமிருந்து தொழிலாடுநரிடத்தும் சென்றது. மரீ கமார்கோ அம்மையார் தம் காற்றொழில் விளங்குமாறு பாவாடையைக் குறுக்கினார். முகமூடியையும் விரிந்த பாவாடைக் கூட்டையும் கண்டித்து நோவேர் என்னும் ஆசிரியர் 1760இல் கடிதங்கள் வடிவில் ஒரு நூல் வெளியிட்டார். அந்நூற்றாண்டின் இறுதியில், பிரெஞ்சுப் புரட்சியையொட்டி எழுந்த உடை மாற்றங்களால், குதியுயர்ந்த காலணி அரங்கினின்று நீங்கிற்று. குதியற்ற மெல்லிய காலணி வந்த பின்னரே பாதம் நிலத்தைத் தடவி உணரலாயிற்று. ஒற்றைக்கால் நிலை நெடிது நிற்கத் தலைப்பட்டதும் அதன் பின்னரே.

அந்நிலைக்கு இலக்கணம் கண்டவர் கார்லோ பிளாசிஸ் என்னும் இத்தாலியர். அவர் நேப்பிள்ஸ் நகரிற் பிறந்து, ஆடலொடு ஓவியமும் கணக்கும் பயின்று, 1820இல் மிலான் நகரில் பிரெஞ்சு மொழியில் ஆடற்கலைக்கு ஓர் அடிப்படை நூல் வெளியிட்டார். 1837இல் அந்நகரத்து லா ஸ்காலா அரங்கைச் சார்ந்த ஆடற்பள்ளிக்குத் தலைவருமாயினார். அந்நூலில் அவர் விளக்கிய நிலைகளுள் ஒன்று, ஒருகாலில் நின்று மற்றொரு காலை முழந்தாள் மடித்துப் பின்னே உயர்த்தி, ஒரு கையை மேலே தூக்கி நிற்பது. ஆட்டிட்யூட் எனப் பெயர் பெற்ற அந்நிலைக்குத் தாம் மாதிரியாகக் கொண்டது ஜாம்பொலோஞ்ஞா என்னும் சிற்பியார் 16ஆம் நூற்றாண்டில் வார்த்த மெர்க்குரி என்னும் தேவதூதனது வெண்கல உருவமே என அவர் குறித்துள்ளார். இன்று ஃபிளாரன்சு நகரத்து அருங்காட்சிச் சாலையில் அஃது உளது. காற்றுத் தேவனின் வாயினின்று எழும் மூச்சின்மேல் ஒரு காலின் நுனியை வைத்து, வானத்தைச் சுட்டி, பறக்கப் புகுவான் போல நிற்கின்றான் அத்தூதன்.

ஆடல் சிற்பத்தைப் பார்த்துக் கற்றது என்னும் இச்செய்தி தமிழர்க்குப் புதுமையன்று. தில்லைக் கோபுர வாயில்களில் 108 கரணங்களையும் கல்லிற் கண்டு பழகியவர் அவர். ஆனால் பிளாசிஸ் உருவத்தைப் பார்த்ததோடு நின்றாரல்லர். அஃது ஏன் விழாது நிற்கின்றது என்று வினவினார். எடையுள்ள பொருள் ஒவ்வொன்றிற்கும் எடையின் நடு ஒன்று உண்டு; அந்நடுவினின்று நிலத்தை நோக்கி விடும் தூக்குநூல் பொருளின் அடித்தளத்திற்குள் விழும்வரை அது நிற்கும், தளத்திற்கு அப்பால் விழின் சாயும். இரு காலில் நிற்பவனுக்கு இரு பாதமும் அவற்றிடைப்பட்ட நிலமும் தளம். ஒரு காலில் நிற்பவனுக்கு ஒரு பாதத்தின் அளவே தளம். குதியை உயர்த்தி முன்னடியில் நிற்பவனுக்கு அதனினும் குறைவு. விரல்நுனியில் நிற்பவளுக்கோ ஒரு வெள்ளிக் காசின் அகலத்திற்குச் சிறிதே மிகுதி. தளம் சுருங்கச் சுருங்க, நூல் விழும் இடம் பிறழாமை வேண்டும். ஆகவே ஒரு கால் பின்னே நீளின், அதன் எடைக்கு ஈடாக உடலின் மேற்பகுதி சிறிது முன்னே செல்லல் வேண்டும். கை ஒருபுறம் உயரின் மறுபுறத்தில் அதற்கோர் எதிரீடு வேண்டும். உடலின் ஒவ்வொரு கூறும் ஊன்றிய பாதத்திற்குக் கணக்குக் கொடுத்தே அசைய வேண்டும் என்பதாம். இவ்வுறுப்பு நிலைகளைப் பலகையில் நேர்கோடுகளாக வரைந்து மாணாக்கர்க்குக் காட்டுமாறு அவர் ஆசிரியர்களுக்கு அறிவுறுத்தினார்.

இந்நிலைபேற்றிற்குப் பிரெஞ்சு ஆடற்றொழிலார் வழங்கும் சொல் அப்ளோம் என்பது. கொத்தரும் தச்சரும் சுவர் நேர்நிற்றலை அறியத் தொங்கவிடும் ஈயத் தூக்குக்குண்டின் பெயரே அச்சொல்லின் வேர். நம் நாட்டுத் தபதியர் திருவுருவம் சமைக்கும்போது பிரமசூத்திரம் என்னும் நடு நூலைக் கொண்டு உறுப்புக்களின் விலக்கத்தை அளப்பதனை இதனோடு ஒப்புநோக்குக. இரு நாட்டினும் நிலையை அறிய உதவியது தொங்கும் நூல்.

ஈண்டு ஒரு வேற்றுமையும் கூறுதல் வேண்டும். கூத்தப்பெருமானது செப்புத் திருமேனியில் ஊன்றிய தாள் முழங்கால் மடிந்தது, முயலகன்மேல் அழுந்தியது. பாலே ஆடுநரின் ஊன்றிய தாள், பெரும்பாலும் முழங்கால் நிமிர்ந்து தூண்போல் நிற்பது; நிலத்தை விட்டு எழும் நினைவினது. மடிந்த தாள் எடையின் நடுவைக் கீழிறக்கி உறுதி தருகின்றது. நிமிர்ந்த தாள் அவ்வுறுதியை இழந்து உயரத்தைப் பெறுகின்றது. அன்றியும், வெண்கலம் வார்ப்பாலும் பீடத்தாலும் திருவாசியின் பிணிப்பாலும் நிற்பது. உயிருடம்பு அவ்வாறு ஒருகாலும் நிற்பதில்லை. அசைவற்று நிற்பதாகத் தோன்றும் ஆடுநரின் கணுக்காலை அணுகிப் பார்ப்போர், அங்குள்ள நரம்புகள் இடையறாது இழுத்தும் விட்டும் தொழிற்படுதலைக் காண்பர். உடல் ஒவ்வொரு கணமும் சிறிது சாய்கின்றது. ஒவ்வொரு கணமும் மீட்கப்படுகின்றது. அரங்கின் கோடியில் இருப்போர்க்கு அவ்வுழைப்பு மறைந்து அமைதி மட்டும் தோன்றுமாறு செய்தலே கலை.

அத்தகைய உழைப்பிற்கு வரலாறு கண்ட பெருஞ் சான்று மரீ தாலியோனி அம்மையார். 1804இல் ஸ்டாக்ஹோம் நகரில், ஆடற்றொழிற் குடும்பத்திற் பிறந்தவர் அவர். இளமையில் மெலிந்த உடலும், நீண்ட கைகளும், சற்றே கூனிய தோளும் உடையராய், ஆடலுக்கு ஏலாதவர் என்று எண்ணப்பட்டார். 1822இல் வியன்னா நகரத்தில் அரங்கேறுதற்குமுன், தந்தையார் பிலிப்போ தாலியோனி, அவரை மாதக்கணக்கில் நாடோறும் 6 மணி நேரம் பயிற்றினார். காலையில் 2 மணி நேரம் கால்களுக்கு உறுதி தரும் பயிற்சிகள். நடுப்பொழுதிற்குப் பின் 2 மணி நேரம் மெல்லென ஆடும் நிலைகள். மாலையில் 2 மணி நேரம் தாவல்கள். இவற்றுள் நடுவணதாகிய பயிற்சியே ஈண்டுக் கருதற்பாலது. ஒரு காலில் நின்று, ஒரு நிலையை மேற்கொண்டு, 100 வரை எண்ணி முடியுமளவும் அதனை விடலாகாது. பின்னர் மற்றொரு காலில் அவ்வாறே. ஒரு நிலையை 100 எண்ணுமளவும் தாங்கியவர்க்கு அரங்கில் அதனை 4 எண்ணுமளவு தாங்குதல் விளையாட்டாம். முகத்திற் புன்னகை வாடாது. பயிற்சிக்கு இடையே மயங்கி விழும் நிலையை அவர் எய்தியதும் உண்டு என்பர்.

இக்கடுமையை அறியாதார், 1832 மார்ச்சு 12ஆம் நாள் பாரிசு ஆப்பரா அரங்கில் லா சில்ஃபீட் என்னும் பாலேயில் அவர் காற்றுத் தெய்வமகளாகத் தோன்றி, விரல்நுனியில் நின்று மிதந்தபோது, அவருக்கு எடையே இல்லை என்று எழுதினர். விரல்நுனியில் நின்றோர் அவர்க்கு முன்னும் உளர். ஆயின் அஃது அரியதொரு வித்தையாகக் காட்டப்பட்டது. கதைக்குரிய உயிரின் இயல்பாகவே அதனை ஆக்கியவர் தாலியோனி. அவர் அணிந்த காலணியில் இக்காலத்துப் போல் கட்டி இறுகிய நுனி இல்லை. மெல்லிய பட்டுக் காலணி; பக்கங்களிலும் நுனியிலும் நூலால் நெருங்கத் தைத்தது, அவ்வளவே. உருசிய நாட்டுச் சுவைஞர் சிலர் அவர்தம் காலணியொன்றைச் சமைத்துண்டனர் என்றொரு கதை வழங்குகின்றது. உண்டவர் அதன் நுனியைச் சிறிது கூர்ந்து நோக்கியிருப்பின், அவரைத் தாங்கியது காலணியன்று என்பதை அறிந்திருப்பர்.

இவ்வரலாற்றிடையே தமிழ்நாட்டுப் பெண்டிர் சிலர் வந்து சேர்வது வியப்பே. இந்தியக் கோயில்களில் ஆடும் மகளிரைப் பற்றி ஐரோப்பியர் நெடுங்காலம் கற்பனை செய்து வந்தனர். 1830இல் பாரிசில் அரங்கேறிய தேவனும் தேவதாசியும் என்னும் இசைநாடகத்தில் அக்கற்பனை மகளாக ஆடியவர் தாலியோனி அம்மையாரே. எட்டாண்டு கழித்து, 1838இல், கடலூரை அடுத்த திருவயிந்திரபுரத்தைச் சார்ந்தோர் என ஆராய்ந்தோர் கூறும் உண்மைத் தேவதாசியர் ஐவரும், பக்க இசைவாணரும், பிரெஞ்சுக்காரர் ஒருவரது ஏற்பாட்டில் புதுச்சேரி வழியாகப் பாரிசு அடைந்து அந்நகர அரங்கில் ஆடினர். பஞ்சுப் பாவாடையும் பட்டுக் காலணியும் அணிந்து விரல்நுனியில் மிதக்கும் பெண்ணையே தேவதாசி என எண்ணியிருந்த நகரத்தார்முன், வெறுங்காலில் சதங்கை கட்டி, உள்ளங்கால் முழுதும் நிலத்திற் படியத் தட்டி ஆடினர் அம்மகளிர். தியோஃபில் கோத்தியே என்னும் புலவர் அவர்தம் ஆடலையும் உருவையும் வியந்து செய்தித்தாளில் எழுதினார். பிரெஞ்சுத் தாள்கள் அமானி எனப் பெயர் குறித்த ஒருவரது உருவத்தைப் பார் என்னும் சிற்பியார் சிறு வெண்கலப் படிமமாகச் செய்தார். நிலத்தொடு காலுக்குள்ள உறவு ஒன்றல்ல, இரண்டு என்பதனைப் பாரிசு மக்கள் ஒரே மேடைக் காலத்திற் கண்டனர். ஒன்று நிலத்தைத் தன்னதாகக் கொள்வது. மற்றொன்று நிலத்தைத் துறப்பது. கண்டனரேயன்றிக் கற்றாரல்லர். பாலே தன் வழியிலேயே மேலும் மேலும் உயர்ந்தது.

1877இல் மரியஸ் பெத்திப்பா என்னும் ஆசிரியர் உருசியத் தலைநகராகிய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் தேவதாசி என்னும் பொருள்படும் லா பயதேர் பாலேயை அமைத்தார். கதை நிகழிடம் இந்தியக் கோயில் என்பர். அக்கோயில் எவ்வூரினும் இல்லாதது. ஆயினும், அதன்கண் இறந்தோர் நிழல்கள் தோன்றும் காட்சி, ஒற்றைக்கால் நிலைக்கு எழுந்த பெருங் காவியமெனத் தகும். வெள்ளுடை மகளிர் ஒருவர்பின் ஒருவராகச் சரிவான மேடையினின்று இறங்கி வருவர். ஒவ்வோர் அடிக்கும், ஊன்றிய முழந்தாளைச் சிறிது மடித்து, மற்றொரு காலைப் பின்னே நீட்டி, அரபெஸ்க் என்னும் நிலையில் நிற்பர். இக்காலத்துப் பேரரங்குகளில் 24 அல்லது 32 பேர் இவ்வாறு வருவதுண்டு. முதலில் இறங்குபவர் கடைசி மகள் தோன்றுமளவும் அந்நிலையை மீண்டும் மீண்டும் செய்தல் வேண்டும். சரிந்த தளம், மங்கிய ஒளி, மெல்லிய இசை. ஒருவர் தள்ளாடினும் வரிசை முழுதும் தள்ளாடுவதாகத் தோன்றும். தனியொருத்தி புகழ்பெறுதற்குரிய ஆட்டமன்று இது. எவர் பெயரும் அறியப்படாத மகளிர் பலரது ஊன்றிய கால்களால் நிற்பது.

இதற்குச் சில ஆண்டுகளின்பின், இத்தாலியினின்று வந்த ஆடுநர் உருசிய அரங்கைக் கைப்பற்றினர். காலணியின் நுனியைப் பசையும் துணியும் கொண்டு கடினமாக்கும் முறை அவர் நாட்டில் முன்னேறியிருந்தது. பிளாசிஸின் மாணவராகிய லெப்ரியிடம் பயின்ற என்ரிக்கோ செக்கெத்தி அவருள் ஒருவர். 1890இல் சாய்காவ்ஸ்கியின் இசையோடு அரங்கேறிய உறங்கும் அழகி என்னும் பாலேயில் கார்லோத்தா பிரியான்சா தலைவியாக ஆடினார். இளவரசி ஒருத்தி தன் பிறந்தநாளில் மணம்வேண்டி வந்த நால்வர்முன் ஆட்டிட்யூட் நிலையில் விரல்நுனியில் நிற்கின்றாள். ஒருவன் அவள் கைபற்றிச் சுற்றிவருவான். அவன் கையை விட்டு, அடுத்தவன் கையைப் பற்றும்வரை, துணையின்றித் தானே நிற்பாள். ஊன்றிய கால் நிலத்தினின்று பெயர்தல் கூடாது. ஆடுமகளிர் அஞ்சும் பகுதிகளுள் இது தலையாயது. கையை விடும்போது உடலை அவன் பக்கம் சாய்த்திருந்தவள் நிற்க மாட்டாள். பற்றியிருந்த காலத்தும் பற்றாதவள்போல் தன் நடுவில் நின்றவளே நிற்பாள். 1946 பிப்ரவரி 20ஆம் நாள், போருக்குப்பின் மீண்டும் திறக்கப்பட்ட இலண்டன் கோவன்ட் கார்டன் அரங்கிலும், 1949 அக்டோபரில் நியூயார்க்கிலும் இப்பகுதியை ஆடி உலகப் புகழ் எய்தியவர் மார்கோ ஃபான்டெயின் அம்மையார்.

பியரீனா லெஞ்ஞானி என்னும் இத்தாலிய அம்மையார் 1893இல் சிண்ட்ரெல்லா பாலேயிலும், 1895இல் அன்னப்பொய்கை பாலேயிலும் ஒருகாலின் விரல்நுனியில் நின்றவாறே, மற்றொரு காலைச் சாட்டைபோல் வீசி, 32 முறை தொடர்ந்து சுழன்று காட்டினார். உருசிய மாணவியர் அதன் மறையை அறிய முயன்றனர். மறை கழுத்தில் இருந்தது. உடல் சுழலும்போது கண்கள் எதிரேயுள்ள ஒரு பொருளை விடாது பற்றி நிற்கும்; இனி நிற்க இயலாதென்னும் எல்லையில் தலை மட்டும் விரைந்து சுழன்று, உடலுக்கு முன்னே மீண்டும் அப்பொருளைப் பற்றும். இதனாற் றலைச்சுற்றுக் குறைகின்றது.

உருசியச் சுவைஞர் பலர் இதனைக் கழைக்கூத்து என்று இகழ்ந்தனர். அவர் கூற்றில் ஒரு பாதி உண்மை. எண்ணிக்கையும் நேரமுமே நோக்கமாயின், ஒற்றைக்கால் நிலை கம்பத்தின்மேல் நிற்பவனது வித்தையோடு ஒக்கும். அதிற் பொருள் இல்லை. மற்றப் பாதி தவறு. இத்தாலியர் கொணர்ந்த உறுதியின்றி உருசியரது மென்மை அரங்கில் நிற்க இயலாது. அதனை உணர்ந்தவருள் அன்னா பாவ்லோவா அம்மையார் ஒருவர். மிக வளைந்து மெலிந்த பாதங்களை உடையவராதலின், அவர் புகழ் பெற்ற பின்னரும் செக்கெத்தியிடம் தனியே பாடம் கேட்டார்.

அப்பாவ்லோவா அம்மையார் இந்தியாவிற்கு வந்தபோது ருக்மிணி தேவி அவர்களோடு நட்புப் பூண்டதும், அவர் குழுவினராகிய கிளியோ நார்டி என்பாரிடம் ருக்மிணி தேவி பாலே பயின்றதும், நும் நாட்டுக் கலையையே நாடுக என்று பாவ்லோவா தூண்டியதும் பலர் அறிந்தவை. அதன்பின் அவர் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் பரதம் கற்று, 1935இல் அடையாற்றில் ஆடினார். அடுத்த ஆண்டில் கலாட்சேத்திரம் தோன்றிற்று. நிமிர்ந்த தாளைப் பயின்றவர் மடிந்த தாளுக்கு மீண்ட வரலாறு அது.

எதிர்த்திசையிலும் ஒரு பயணம் நிகழ்ந்தது. பிரெஞ்சுச் சிற்பியார் ரோதேன், சென்னை அருங்காட்சிச் சாலையிலுள்ள கூத்தப்பெருமான் செப்புத் திருமேனிகளின் நிழற்படங்களைக் கண்டு, 1913இல் சிவன் நடனம் என்றொரு கட்டுரை எழுதினார்; அவர் மறைவுக்குப் பின், 1921இல் அது வெளியாயிற்று. திருவாலங்காட்டுத் திருமேனியும் அப்படங்களுள் ஒன்று. நிழின்ஸ்கி என்னும் பாலே ஆடுநர் ஒருகாலில் நின்று மற்றொரு காலை மடக்கிய நிலையை 1912இல் சிற்றுருவாகப் பிடித்த கைகள் அவருடையவே என்பதும் நினைக்கத்தக்கது.

இருபதாம் நூற்றாண்டில், நிலைபேற்றின் வேர் எங்குளது என்னும் ஆராய்ச்சி பாதத்தினின்று மேலேறிற்று. அக்ரிப்பீனா வகானோவா என்னும் உருசிய ஆசிரியை, பிரெஞ்சு, இத்தாலிய முறைகள் இரண்டனையும் ஆய்ந்து 1934இல் லெனின்கிராடில் வெளியிட்ட நூலில், முதுகெலும்பே நிலைபேற்றின் அச்சு என்று நிறுவினார். பாதம் நிலத்தைப் பற்றினும், முதுகின் கீழ்ப்பகுதி தளர்ந்தவழி இடுப்பு ஊன்றிய காலின்மேல் அமராது பக்கத்தே சரியும். சரிந்த இடுப்பைப் பாதம் மீட்க இயலாது. ஆகவே எடுத்த காலை உயர்த்துமுன் ஊன்றிய பக்கத்து இடுப்பை மேலிழுத்து நிற்றல் வேண்டும் என்பது பயிற்சி விதி.

உடல்நூலார் கூறுவதும் ஈண்டுச் சேர்த்தெண்ணுதற்குரியது. நிலைபேற்றிற்கு வாயில்கள் மூன்று: கண், உட்செவியிலுள்ள மூன்று அரைவட்டக் குழல்கள் முதலியன, தசை, மூட்டு, உள்ளங்கால் ஆகியவற்றின் உணர்வு. கண்ணை மூடி ஒருகாலில் நிற்க முயல்வோர், கண் எத்துணைச் சுமையைத் தாங்கியிருந்தது என்பதை நொடியில் அறிவர். 2013இல் இலண்டன் இம்பீரியல் கல்லூரி ஆராய்ச்சியாளர் பாலே மகளிர் 29 பேரையும், படகு வலிக்கும் மகளிர் 20 பேரையும் இருளிற் சுழலும் நாற்காலியில் இருத்திச் சோதித்தனர். நாற்காலி நின்ற பின்னும் சுழல்வதாகத் தோன்றும் மயக்கம் ஆடுநர்க்கு விரைவில் நீங்கிற்று. உட்செவியின் செய்தியை ஏற்கும் சிறுமூளைப் பகுதி அவர்க்குச் சிறுத்திருந்தமையும் காணப்பட்டது. நெடுநாட் பயிற்சியால், மயக்கும் செய்தியைக் கேளாதிருக்க மூளையே கற்றுக்கொள்கின்றது என அவர் கருதினர்.

இத்துணை அறிவும் சேர்ந்த பின்னரும் ஆடற்பள்ளியில் நிகழ்வது பழையதே. சுவரோரத்தில் இடுப்புயரத்தில் அமைந்த மரக்கம்பியை ஒரு கையால் மெல்லப் பற்றி, மாணவி ஒருகாலில் நிற்கின்றாள். எடை, பெருவிரல் அடி, சிறுவிரல் அடி, குதி என்னும் மூன்றிடத்தும் பரவியுளதா என்று ஆசிரியர் குனிந்து நோக்குகின்றார். எடுத்த கால் எத்துணை உயர்ந்தது என்பதை அப்போது அவர் நோக்குவதில்லை. பின்னர்க் கையை எடுக்கச் சொல்கின்றார். உடல் கம்பியின் பக்கம் சாயின், இதுகாறும் நிறுத்தியது கையேயன்றிக் காலன்று என்பது இருவர்க்கும் விளங்கும். மாணவி மறுபடியும் கம்பியைப் பற்றி, இரு காலும் ஊன்றிய ஐந்தாம் நிலையினின்று தொடங்குகின்றாள்.